வெரேனா காட்டிய பேர்ண்

ஓர்லிகோன், சூரிச்
25.06.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டேன். நீங்களும் அத்தாரும் அம்மாவும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். வந்த பாதையைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நேரே கதைக்கும் காலம் வந்தால் சொல்கிறேன்.

இராஜேஸ்வரி அக்கா வீட்டில் நிற்கிறேன். அவவின் மனுசன் குகநாதன் அண்ணைக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை. இரண்டு அறை வீடு. ஒன்றை எனக்கு விட்டுவிட்டு அவர்கள் பிள்ளைகளோடு மற்றதில் படுக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "ஆவணி மட்டும்தானே, பிறகு நீ பேர்ணுக்குப் போயிடுவாய்" என்று அக்கா சொல்கிறா.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை பேர்ணிலிருந்து வந்தார். இந்த மூன்று வருஷத்தில் கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறார். எனக்குக் குளிருக்குப் போட ஒரு கோட் கொண்டுவந்தார், இந்தக் கோடை வெயிலில். வாசலில் நின்று "பயணம் களைப்போ?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு குகநாதன் அண்ணையோடு, இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் பேமிற் பற்றிக் கதைத்தார். எங்கள் இருவரின் கலியாண எழுத்தை எப்போது பதியலாம் என்று இராஜேஸ்வரி அக்கா கேட்டதற்கு, "இப்பதானே அகதி மனு குடுத்திருக்கு அக்கா, கொஞ்சம் ஆறட்டும்" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அம்மாவின் முழங்கால் நோவு எப்படி? எண்ணெய் முடிந்தால் வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் தங்கை
சிவகலா


கொக்குவில்
19.07.1986

என்ர தங்கச்சி சிவகலாவுக்கு,

அம்மாளாச்சி புண்ணியத்தில நாங்கள் எல்லாரும் இருக்கிறம். உன்ர கடிதம் வந்த அண்டைக்குத்தான் அம்மா ஒழுங்காச் சாப்பிட்டவ. அதுவரைக்கும் றேடியோவில எந்தப் பிளேன் கதை வந்தாலும் உன்ர பிளேன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தவ.

மாமி ஒவ்வொரு நாளும் வாறா. தன்ர மகனைப் பற்றி நீ என்ன எழுதினனீ எண்டு கேட்கிறா. உடம்பு வைச்சிருக்கிறார் எண்டு வாசிச்சன். அவவுக்கு அது காணும், கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. மாமா சாத்திரியிட்டைப் போய் ஆவணியில நாள் பாத்திட்டார். அங்கை ஐயர் இல்லாட்டியும் பரவாயில்லை, அந்த நாளில எழுத்தை எழுதுங்கோ எண்டு சொல்லுறார். கலியாணக் கூறைச் சேலை எடுத்தாச்சு. அரக்கு நிறம். ஆரும் அந்தப் பக்கம் வந்தால் குடுத்து விடுறன்.

நீ வழக்குக் கடுதாசி அடிச்ச அப்புக்காத்தர் கந்தோரில உன்ர இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லையாம். "சிவகலா மாதிரி ரைப் அடிக்க ஆள் இல்லை" எண்டு அத்தாரிட்டைச் சொன்னவராம். முப்பத்தொரு வயசு மட்டும் அந்த மெசினுக்கு முன்னால இருந்தாய். இனி உனக்கு ஒரு வீடு வாசல் வரட்டும்.

மச்சானோட நல்லாக் கதை. நீ வாய் திறவாமல் இருந்தால் அந்தாள் என்ன நினைக்கும்.

உன்னை நினைச்சபடி
அக்கா யோகாம்பாள்


ஓர்லிகோன்
12.08.1986

அன்புள்ள அக்கா,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் அறிய ஆவல்.

போன சனிக்கிழமை பேர்ண் பார்க்கப் போனேன். இந்த நாட்டின் தலைநகர் அதுதான். சூரிச்சை விடச் சின்னது, ஆனால் மிகவும் பழையது. மச்சானுக்கு அன்றைக்கு ஹோட்டல் குசினியில் வேலை. "எங்கடை ஹோட்டலுக்கு வெளிநாட்டு ஆக்களைக் கூட்டிவாற கையிட் ஒராள் இருக்கிறா. அவ உமக்கு ஊரைச் சுத்திக் காட்டுவா" என்று சொல்லியிருந்தார். ஆகவே எனக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி. அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பா.

அவவின் பெயர் வெரேனா. நாற்பது தாண்டியிருக்கும். உயரம், கட்டையாக வெட்டிய தலைமயிர், கண்ணாடி. றெயினால் இறங்கியபோது மழையே இல்லாத மேடையில் ஒரு சிவப்புக் குடையைச் சுருக்கித் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றா. கூட்டத்தை நடத்தும் பழக்கமாம். நான் ஒருத்திதான் பின்னால் போனேன். ஆனாலும் நாள் முழுக்க அந்தக் குடையை இறக்கவில்லை. ஆங்கிலம் நன்றாகக் கதைக்கிறா. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பகிடி மனப்பாடமாக வைத்திருக்கிறா. சொல்லிவிட்டு நான் சிரிக்கும் வரை காத்து நிற்பா.

பேர்ணின் தெருக்கள் எல்லாம் இரண்டு பக்கமும் கூரை போட்ட நடைபாதை. மழை பெய்தாலும் நனையாமல் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகலாம். கட்டடங்கள் எல்லாம் ஒரே பச்சை கலந்த சாம்பல் கல். நடைபாதையில் சரிவாகப் பலகைக் கதவுகள் இருக்கின்றன. திறந்தால் கீழே நிலவறைக் கடைகள். ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. மணி அடிக்கச் சற்று முன்னால் ஒரு சேவல் கூவும், சின்னக் கரடிப் பொம்மைகள் வட்டமாக ஓடும், கோமாளி ஒருவன் நேரத்துக்கு முந்தியே மணி அடிப்பான். சனம் எல்லாம் வாயைப் பிளந்து பார்க்கிறது. ஒரு நீரூற்றுத் தூணின் மேல் ஒரு பூதம் குந்தியிருந்து குழந்தையை வாய்க்குள் திணிக்கிறது. ஏன் அப்படி ஒரு சிலை என்று இன்றைக்கும் ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாதாம். பெரிய தேவாலயத்தின் வாசலில் நியாயத்தீர்ப்பு நாளைச் செதுக்கியிருக்கிறார்கள். நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம்.

பிறகு ஒரு தெரு முடக்கில் பதிவுக் கந்தோரைக் காட்டினா. பிறகு கரடி பார்த்தோம். பேர்ணுக்குக் கரடிதான் சின்னம். ஆழமான வட்டக் குழிக்குள் வைத்திருக்கிறார்கள். கரட் விற்கிறார்கள், வாங்கி எறியலாம். ஒரு கரடி நிமிர்ந்து இருந்து இரண்டு கையையும் நீட்டிக் கேட்டது. நானும் எறிந்தேன்.

பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோம். கடும் பச்சை. சனங்கள் நீரில் இறங்கி மிதந்து போகிறார்கள். நீந்துவதாகத் தெரியவில்லை. ஆறு கொண்டு போகிறது, போகிறார்கள்.

பின்னேரம் றெயின் எடுத்து வந்துவிட்டேன். வேறு புதினம் இல்லை.

உங்கள் தங்கை
சிவகலா


கொக்குவில்
06.09.1986

அன்பான தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் நோவு குறைவு. எனக்குத்தான் தடிமனும் இருமலும். மற்றும்படி சுகம்.

உன்ர பேர்ண் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசிச்சன் எண்டு கேளாதை. மாமி வந்து ஒருக்கா, பக்கத்து வளவு இராசம்மா மாமி வந்து ஒருக்கா. இராசம்மா மாமி அந்தப் பிள்ளை தின்னிற பூதத்தைக் கேட்டிட்டு "உதை ஏன் தெருவில வைச்சிருக்கினம்" எண்டு கோவிச்சுக்கொண்டா. அம்மா குடைக்குச் சிரிச்சவ.

ஆனால் தங்கச்சி, ராத்திரி நான் தனிய இருந்து திரும்ப வாசிச்சனான். மணிக்கூடு இருக்கு, கரடி இருக்கு, ஆறு இருக்கு. மச்சான் ஒரு இடத்திலையும் இல்லை. பின்னேரமாவது வேலை முடிஞ்சு வந்து உன்னைப் பாத்தவரோ? ரெண்டு பேரும் ஒரு தேத்தண்ணியாவது குடிச்சனீங்களோ? ஆவணியும் முடியப்போகுது. எழுத்து எழுதினதோ இல்லையோ எண்டு நீ ஒரு சொல்லும் எழுதேல்லை. மாமா கேட்கிறார். நான் என்ன சொல்ல?

உடனை பதில் போடு.

அக்கா


கூர்
19.10.1986

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். பதில் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம்.

என்னை கூர் என்ற ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள். மனு கொடுத்தவர்களை ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரித்து அனுப்புவது இங்கே வழக்கம். சுற்றிவர மலை. மத்தியானம் தாண்டினால் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது. என்னோடு அசுந்தா என்று ஒரு இத்தாலியப் பெண். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. படுக்கை விரிப்புகளை இரண்டு முனையிலும் பிடித்து மடிப்பதுதான் பெரும்பாலும் வேலை. அதற்குப் பாஷை வேண்டியதில்லை.

கூறையை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

அத்தாரின் கடை எப்படிப் போகிறது? அம்மாவைக் குளிருக்குள் விடிய எழும்ப விடாதீர்கள்.

சிவகலா


கொக்குவில்
22.11.1986

சிவகலா,

நாங்கள் சுகம். நீ சுகமோ எண்டு எனக்குத் தெரியேல்லை. சுகம் எண்டு எழுதுறாய்.

மாமாவுக்கு மச்சான் கடிதம் போட்டிருக்கிறார். நேற்று கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னாலை வாசிச்சவர். "சிவகலாதான் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுறா, அவவுக்கு இந்த நாடு இன்னும் பிடிபடேல்லை" எண்டு எழுதியிருக்கு. மாமா கடிதத்தை மடிச்சுப்போட்டு, "பிள்ளைக்கு அங்கை ஆரும் மனசில இருக்கோ எண்டு கேளுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனவர். அம்மா சோத்தைப் பிசைஞ்சு வைச்சிட்டுக் கையைக் கழுவினவ.

நான் உன்னோட கூடப் பிறந்தனான். கரடியும் வேண்டாம், மலையும் வேண்டாம். உள்ளதை எழுது.

அக்கா


கூர்
20.12.1986

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை நம்புங்கள்.

கேட்டபடியால் எழுதுகிறேன். முன்னர் எழுதாததற்குக் காரணம் உங்களிடம் மறைக்க வேண்டும் என்பதல்ல. எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் உண்மை. ஒன்றைத்தான் எழுதவில்லை.

தேவாலயம் பார்த்துவிட்டு வரும்போது வெரேனா ஒரு முடக்கில் நின்றா. குடையை அப்போதுதான் ஒருதரம் இறக்கினா. "இது என்ரை சுற்றுலாவில இல்லாத இடம். உங்களுக்கு மட்டும் காட்டுறன்" என்றா. ஒரு சாதாரணக் கந்தோர். வாசலில் இரண்டு பூச்சாடி. "போன மாசியில நானும் தயாவும் இஞ்சைதான் கலியாணம் எழுதினனாங்கள். அவரின்ர பக்கத்தில ஒரு சொந்தமும் வரேல்லை. அவரின்ர குடும்பத்தில நான் காணுற முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தா. அவவிடம் ஒரு சவர்க்கார வாசம் இருந்தது.

தயா என்றது தயாநிதி மச்சான்தான்.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அவ குடையை உயர்த்தினா, நான் பின்னால் போனேன். கரடிக்கு எறியச் சொல்லி கரட் தந்தா, எறிந்தேன். பகிடி சொன்னா, சிரித்தேன். பாலத்தில் நின்றபோது எனக்கு முகத்தில் காற்றுப் படுவதுகூடத் தெரியவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் சொண்டு இருக்கிறதோ இல்லையோ என்று கையால் தொட்டுப் பார்ப்போமே, அதுபோல. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பின்னேரம் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனா. பல்கனிக் கொடியில் அவவின் உடுப்புகளோடு ஒரு சாரம் காய்ந்தது. நான் சுன்னாகத்தில் எடுத்து, மச்சான் வீட்டில் இடுப்பில் கட்டட்டும் என்று தபாலில் அனுப்பிய நீலக்கட்டம் போட்ட சாரம். கோப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது மச்சான் வேலை முடிந்து வந்தார். வாசலில் என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். வெரேனா கேட்டு நின்றபடியால் மறுக்க முடியவில்லைப் போல; ஊரைக் காட்டி முடித்ததும் என்னை நேரே ஸ்ரேசனில் விடுவா என்றுதான் நினைத்திருக்கிறார். பிறகு சிரித்த முகத்தோடு எங்கள் பாஷையில் சொன்னார்.

"ஒண்டும் கதைக்காதையும். ஞாயிறு நான் அங்கை வாறன்."

வெரேனா "என்ன சொல்லுறார்?" என்று என்னைக் கேட்டா. நான் வாய் திறக்க முன்னர் அவரே "களைச்சுப்போனீரோ எண்டு கேட்டனான்" என்றார்.

ஞாயிறு ஓர்லிகோனுக்கு வந்தார். இராஜேஸ்வரி அக்காவைப் பிள்ளைகளோடு வெளியே அனுப்பிவிட்டுக் குசினியில் இருந்து கதைத்தோம்.

"பேமிற்றுக்குச் செய்தது சிவகலா. என்னைத் திருப்பி அனுப்ப இருந்தவங்கள். வேற வழி இல்லை. ரெண்டு வருஷம். பேந்து விட்டிடுவன். அதுமட்டும் நீர் மச்சாளா இரும்."

"அவவுக்கு அது தெரியுமோ?" என்று கேட்டேன்.

மேசையில் கிடந்த பாண் துகள்களை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார். "அவ நல்லவ" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். இராஜேஸ்வரி அக்காவுக்கு இவ்வளவு நாளும் தெரியாதாம். குகநாதன் அண்ணைக்குத் தெரிந்திருக்கும் போல, பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

சிவகலா


கொக்குவில்
09.02.1987

என்ர தங்கச்சிக்கு,

கடவுள் உனக்குத் தைரியத்தைத் தரட்டும். உன்ர கடிதம் வந்து கன நாள். எண்ணெய் இல்லை, விளக்கும் இல்லை, அதாலை எழுதேல்லை எண்டு சொல்லலாம். அது பொய். எனக்கு எழுதக் கை வரேல்லை.

அம்மாவுக்குச் சொல்லேல்லை. அத்தாருக்குச் சொன்னன். ரெண்டு நாள் யோசிச்சுப்போட்டு அவர் சொன்னதை எழுதுறன். அங்கை கன பொடியள் இப்பிடிக் கடுதாசிக் கலியாணம் செய்திருக்கிறாங்களாம். காலம் முடிய விட்டிட்டு ஊர்ப் பிள்ளையைக் கட்டுறாங்களாம். அது நடக்கிற விஷயம்தானாம். மாமிக்கும் எப்பிடியோ தெரிஞ்சு வந்திட்டா. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "என்ர பிள்ளை உயிரைக் காப்பாத்தச் செய்தது யோகாம், அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" எண்டு அழுதவ. நான் பேசுவம் எண்டுதான் இருந்தனான். அவவின்ர அழுகையைப் பாத்தாப்பிறகு பேச ஏலாமல் போச்சு.

தங்கச்சி, நீ திரும்பி வாறன் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதை. இஞ்சை இருக்கிற நிலைமை உனக்குத் தெரியாது. ஆரும் பிள்ளையளை அனுப்பத்தான் பாக்கினம். வந்து நீ எங்கை இருப்பாய், சனத்துக்கு என்ன சொல்லுவாய். பொறுத்தால் என்ன. மூண்டு வருஷம் பொறுத்தனீதானே.

அந்த வெள்ளைக்காரிக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை. அவள் கோவத்தில மச்சானைப் பிடிச்சுக் குடுத்தால் மாமி உயிரோட இருக்கமாட்டா.

இதை எழுதுறது எனக்குச் சந்தோஷம் இல்லை.

அக்கா


கூர்
01.03.1987

தயாநிதி மச்சானுக்கு,

நான் சுகம். நீங்களும் வெரேனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊரிலிருந்து எல்லாரும் என்னைப் பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஏலாது. கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு வருஷம் முடிந்து நீங்கள் வந்தாலும், பேர்ணில் ஒரு வீட்டில் ஒரு பெண் உங்களுக்குச் சாரம் தோய்த்துப் போட்டுக்கொண்டு இருந்தா என்பது எனக்குத் தெரிந்துதான் இருக்கும். நான்தான் தள்ளிப்போடச் சொன்னேன் என்று மாமாவுக்கு எழுதினீர்கள். இனி என் பெயரைச் சொல்லி எழுத வேண்டாம்.

வெரேனாவுக்கு நீங்களே சொல்லுங்கள். நான் தேடிப்போய்ச் சொல்லமாட்டேன். அவ வந்து கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன்.

குளிருக்குத் தந்த கோட்டுக்கு நன்றி. அது உதவியாக இருந்தது.

சிவகலா


கூர்
10.05.1987

அன்புள்ள அக்கா,

வடமராட்சிப் பக்கம் சண்டை வரப்போகிறது என்று இங்கே கதைக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் சுகமென்று ஒரு வரி போடுங்கள். நான் சுகம்.

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். மச்சானுக்கு மாசி முடியக் கடிதம் போட்டேன். அவர் பதில் எழுதவில்லை. வெரேனாதான் வந்தா.

ஒரு ஞாயிறு மத்தியானம், இல்லத்தில் ஆட்களைப் பார்க்க வரும் நேரம். சலவை அறை வாசலில் நின்றா. குடை இல்லாமல் பார்த்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. சாப்பாட்டறையில் ஒரு மூலையில் போய் இருந்தோம். ஒரு கிழவர் பக்கத்து மேசையில் தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ்காப் பெருநாளுக்கு வாங்கோ எண்டு எழுதினன். பதில் இல்லை. உங்கடை பேரைச் சொன்னால் தயா வேற கதை கதைக்கிறார். நான் உங்களுக்கு ஏதும் பிழை செய்தனானோ?"

"இல்லை."

"அப்ப என்ன?"

நான் மேசை விரிப்பின் சுருக்கத்தைத் தடவினேன். அவ எழும்பவில்லை. கையிட் அல்லவா, காத்து நிற்கப் பழகியவ. பிறகு கேட்டா, "அவர் உங்களை மச்சாள் எண்டு சொல்லுறவர். எனக்குக் கசின் எண்டு சொன்னவர். அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?"

"கசின்தான். ஆனால் எங்களிட்டை அதில ரெண்டு விதம் இருக்கு. ஒரு விதம் சகோதரம் மாதிரி. மற்ற விதம் கலியாணம் செய்யலாம்."

"நீங்கள் எந்த விதம்?"

"மற்ற விதம்."

"செய்யலாமோ? செய்ய இருந்தனீங்களோ?"

"செய்யத்தான் இந்த நாட்டுக்கு வந்தனான்."

அவ கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தா. துடைத்துக்கொண்டேயிருந்தா.

"அண்டைக்கு நான் உங்களை அந்தக் கந்தோர் வாசலுக்குக் கொண்டுபோய்…" என்று தொடங்கி நிறுத்தினா. "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. கரடிக்குக் கரட் எறிஞ்சனீங்கள்."

"ஓம்."

"ஏன்?"

"வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் எறியச் சொன்னனீங்கள்."

அவ கண்ணாடியைத் திரும்பப் போட்டா. கடைசியில், "பேமிற்றும் ஒரு காரணம் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு நாற்பத்திமூண்டு வயசு. நான் சின்னப்பிள்ளை இல்லை. அது மட்டும்தான் காரணம் எண்டு நான் நினைக்கேல்லை" என்றா.

"அது மட்டுமோ எண்டு எனக்குத் தெரியாது" என்றேன். அது உண்மை. மச்சானின் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"உங்களை எவ்வளவு காலம் பொறுக்கச் சொன்னவர்?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தேன். "ரெண்டு வருஷம்."

"அப்ப வாற மாசி," என்றா. பிறகு எழும்பி, கதிரையை மேசைக்குள் தள்ளிவைத்தா. ஸ்ரேசன் வரைக்கும் கூடப் போனேன். வழியில் ஒரு பழைய கட்டடத்தைக் கண்டுவிட்டு அவவின் கை தன்பாட்டில் அதைக் காட்ட உயர்ந்தது. உயர்ந்து, கீழே இறங்கியது. றெயின் கதவில் நின்று, "நான் அவரைப் பிடிச்சுக் குடுக்கமாட்டன். அந்தப் பயம் உங்கடை வீட்டாருக்கு வேண்டாம்" என்றா. அந்தப் பயத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அக்கா. அவவே யோசித்திருக்கிறா.

போன கிழமை ஒரு தபாலட்டை வந்தது. மச்சானை வேறு இடம் பார்த்துப் போகச் சொல்லிவிட்டாவாம். மற்றதெல்லாம் பிறகு யோசிப்பதாக எழுதியிருக்கிறா. மாமியிடம் இதை நீங்கள்தான் சொல்லவேண்டி வரும். அதற்காக என்னைப் பேசுங்கள், பரவாயில்லை.

றெயின் போன பிறகு நான் வேலைக்குத் திரும்பி வந்தேன். அசுந்தா எனக்காக விரிப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு நின்றா. என் பக்கத்து இரண்டு முனையையும் பிடித்தேன். அவ இழுத்தா, நான் இழுக்கவில்லை. அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தரம். அசுந்தா ஒன்றும் கேட்கவில்லை. தன் முனையை விடவும் இல்லை. நான் முடிக்கும் வரை விரிப்பை நிலத்தில் முட்டவிடாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றா. பிறகு மடித்தோம்.

நான் இங்கேதான் இருக்கப் போகிறேன். மனுவுக்கு என்ன பதில் வருமோ தெரியாது. வரும் வரைக்கும் வேலை இருக்கிறது. பின்னேரங்களில் ஜெர்மன் படிக்கப் போகிறேன்.

இப்போது அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
சிவகலா


கொக்குவில்
16.08.1987

என்ர அன்பான சிவகலாவுக்கு,

நாங்கள் எல்லாரும் உயிரோட இருக்கிறம். முதல் அதைச் சொல்லவேணும். வைகாசி, ஆனி எல்லாம் ஷெல் சத்தத்திலதான் போனது. கொஞ்ச நாள் அராலியில தவச்செல்வன் வாத்தியார் வீட்டில போய் இருந்தனாங்கள். இப்ப சண்டை நிண்டிருக்கு. தபால் ஓடுது. உன்ர வைகாசிக் கடிதம் போன கிழமைதான் கையில கிடைச்சது.

மாமிக்கு நான் சொல்லேல்லை. மச்சானே எழுதிப்போட்டார். மாமா இப்ப எங்கடை படலைக்கு வாறேல்லை. மாமி கோயிலில கண்டால் மற்றப் பக்கம் பாக்கிறா. அத்தார் ரெண்டு நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை, உன்னை நான் ஒழுங்காச் சொல்லி வளர்க்கேல்லையாம். பேந்து தானாக் கதைச்சார். அவருக்கும் ஆறும்.

உன்னைப் பேசச் சொல்லி எழுதினனீ. எனக்குப் பேச வரேல்லை. பொறுக்கச் சொல்லி நான் எழுதின அந்தக் கடிதத்தை நீ கிழிச்சுப்போடு.

அம்மாவுக்கு நேற்றுப் பின்னேரம் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். மார்கழிக் கடிதமும், இதுவும். இடையில நிப்பாட்டட்டோ எண்டு கேட்டன். "வாசி" எண்டவ. முழுக்கக் கேட்டா. அழேல்லை. மச்சானை ஒரு சொல்லும் சொல்லேல்லை. பேந்து என்னைத் திரும்பிப் பாத்து,

"அந்தப் பொம்பிளை அவ்வளவு தூரம் வந்தவ, போகேக்கை ஏதும் சாப்பிட்டிட்டுப் போனவவோ?" எண்டு கேட்டவ.

நீ அதை எழுதேல்லை. எனக்கும் சொல்லத் தெரியேல்லை.

அக்கா யோகாம்பாள்